தலைகீழ் உலகம்: இரண்டில் எந்த நாவல்?

நிறப்பாகுபாட்டைத் தலைகீழாக்கிய கதை ஒன்றைப் பதின்பருவப் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தால் இந்த இரண்டும் கண்ணில் படும்: மலோரி பிளாக்மனின் 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்' (2001, பிரிட்டன்), விக்டோரியா ஃபாய்ட்டின் 'ரிவீலிங் ஈடன்' (2012, அமெரிக்கா).

பெயர்கள்
பிளாக்மன்: ஆளும் கறுப்பினத்தவர் கிராஸ்கள், ஒடுக்கப்படும் வெள்ளையர் 'நாட்'கள் (பூஜ்ஜியங்கள்).
ஃபாய்ட்: ஒடுக்கப்படும் வெள்ளையர் முத்துகள், ஆளும் கறுப்பினத்தவர் கரிகள். ஆள்பவர்களையா கரி என்று அழைப்பார்கள்? வாசகர்களின் கோபம் முதலில் இங்கேதான் வெடித்தது, நியாயமாகவே. நாயகி கறுப்புச் சாயம் பூசித் திரிவது வேறு. கறுப்பினத்தவரைக் கேலி செய்ய வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிய நாடு அமெரிக்கா.

நுணுக்கம்
பிளாக்மன்: அடிபட்ட வெள்ளைச் சிறுமியின் நெற்றியில் அடர்பழுப்பு பிளாஸ்திரி. அந்த நிறத்தில் மட்டுமே கிடைக்கிறது. அந்த ஒரு காட்சி போதும்.
ஃபாய்ட்: சூரியக் கதிர்வீச்சு சீரழித்த உலகம், அப்புறம் காதல்.

வரவேற்பு
பிளாக்மன்: 2020-இல் பிபிசி தொடரானது.
ஃபாய்ட்: முதல் அத்தியாயத்தை வெளியிடுவதாக 2012-இல் அறிவித்த 'வியர்ட் டேல்ஸ்' இதழ், எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது.

சரி, பிள்ளைக்குப் பிளாக்மன்தான். வன்முறையும் மரணமும் உண்டு, பதின்மூன்றுக்கு மேல் கொடுங்கள். ஃபாய்ட், இத்தகைய கதை எங்கே சறுக்கும் என்று பார்க்க விரும்பும் எழுத்தாளர்களுக்கு.