தனியாகத் தொழில் செய்யும் ஹேர்ஸ்டைலிஸ்டுக்கு எது: இன்ஸ்டாகிராமா, வாட்ஸ்அப் பிசினஸா?

சலூன் வேலையை விட்டு, வீட்டு அறையிலோ வேறொரு சலூனில் எடுத்த வாடகை நாற்காலியிலோ தனியாகத் தொடங்குகிறவர் முதலில் திறப்பது இன்ஸ்டாகிராம் பக்கம்தான். திறக்கட்டும். ஆனால் போனுக்கு ஒரு நாளில் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால், அதை வாட்ஸ்அப் பிசினஸுக்குக் கொடுங்கள். நான் தேர்ந்ததும் அதுதான்; காரணம் கீழே.

இன்ஸ்டாகிராமின் பலம் ஊரறிந்தது: முகம் தெரியாதவர் கண்ணிலும் வேலை படும். மணப்பெண் அலங்காரத்துக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. அங்கேயும் வேலை கொண்டுவருவது ஃபாலோயர் எண்ணிக்கை அல்ல, உள்ளூர் மேக்கப் ஆர்ட்டிஸ்டுகளும் போட்டோகிராபர்களும்தான். முடி வேலைக்குத் தனி ஆள் வைக்கும் மேக்கப் ஆர்ட்டிஸ்டுகள் நிறைய. அவர்களோடு ‘கொலாப்’ போஸ்ட் போட்டால் ஒரே படம் இருவர் பக்கத்திலும் வரும். அவர்கள் கூப்பிட்ட கல்யாணத்தில் மணப்பெண் வீட்டாரிடம் உங்கள் கார்டை நீட்டாதீர்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வராது.

படம் எடுக்கும்போது ஜடையைப் பின்னி, சவுரி சேர்த்து, பூ வைக்கும் முன் ஒன்று. ராக்கொடி, குஞ்சலம், பூவெல்லாம் வைத்தபின் ஒன்று. பூ மூடிய பிறகு உங்கள் கைவேலை தெரியாது. வேலை கொடுக்கப்போகிறவர் பார்ப்பதோ அந்தக் கைவேலையைத்தான். விடியற்காலை முகூர்த்தத்தில் ஜன்னல் வெளிச்சம் இருக்காது. அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிட்டு வெள்ளை விளக்கு மட்டும் வையுங்கள். இரண்டும் கலந்தால் கலர் செய்த முடி செம்பட்டையாக விழும். ஆடியில் கையில் வேலை குறைவு, ஆவணிக் கல்யாண விசாரணை வரும் நேரமும் அதுவே. சேர்த்துவைத்த படங்களை அப்போது விடுங்கள்.

சிக்கல் என்னவென்றால், ரீல் எங்கே ஓடும் என்பது நம் கையில் இல்லை. கோயம்புத்தூர் நாற்காலிக்கு டெல்லியில் கிடைக்கும் லைக்கால் பயனில்லை. புதியவர்களின் விசாரணை ‘மெசேஜ் ரிக்வெஸ்ட்’ பகுதியில் போய் ஒளிந்துகொள்ளும்; தினமும் திறந்து பார்க்காவிட்டால் அவர் வேறு ஆளைப் பிடித்திருப்பார். 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கை இந்தியா தடை செய்தபோது அதில் ஆள் சேர்த்தவர்களின் கூட்டம் ஒரே நாளில் கைவிட்டுப் போனதையும் மறக்க வேண்டாம்.

இனி வாட்ஸ்அப். கட்டிங், கலர் என்று பிழைப்பை ஓட்டுவது திரும்பி வருகிறவர்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும்; ஐந்தாம் வாரத்தில் வகிட்டில் நரை தெரியும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை டச்-அப்புக்கு (வளர்ந்த வேருக்கு மட்டும் கலர் போட) வருகிறவர் ஆண்டுக்குப் பத்து தடவை வருவார். சோம்பலில் ஏழு வாரமானால் ஏழு தடவைதான். நாற்பது பேர் இருந்தால் ஆண்டுக்கு 120 வருகை போச்சு. எந்த ரீலும் அந்த ஓட்டையை அடைக்காது. சரியான வாரத்தில் போகும் ஒரு மெசேஜ் பெரும்பாலும் அடைத்துவிடும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், சாட்டுகளைப் பிரித்துவைக்கும் அடையாளக் குறியான லேபிள் இருபதுவரை வைக்கலாம். டச்-அப்புக்கு ஐந்து போதும்: வாரம் 1 முதல் வாரம் 5 வரை. இந்த வாரம் ‘3’ என்றால் இன்று கலர் செய்தவருக்கு 3. ஐந்து வாரம் கழித்து 3 மறுபடி சுற்றி வரும்போது அவருக்கும் முறை வந்திருக்கும். பிந்தி வந்தால் வந்த வாரத்தின் எண்ணுக்கு மாற்றுங்கள். திங்கள் காலை அந்த வார லேபிளைத் திறந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்:

“அக்கா, டச்-அப் நேரம் வந்தாச்சு. வியாழன் 11 மணியா, சனி 4 மணியா, எது வசதி?”

“எப்போ வர்றீங்க?” என்று கேட்டால் “சொல்றேன்மா” என்று பதில் வரும். பேச்சு அதோடு முடிந்தது.

கலர் விவரத்தையும் அந்தச் சாட்டிலேயே எழுதிவையுங்கள்: ஷேட் 4.0, கலரோடு கலக்கும் டெவலப்பர் 20 வால்யூம், இரண்டின் கலவை 1:1.5, வைத்திருந்த நிமிடம். அடுத்த முறை வேரும் நுனியும் வேறு நிறமாகாமல் இருக்க அதுதான் துணை.

ஒரே மெசேஜைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம்; உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பலர் சறுக்குவது இங்கேதான். பணம் வாங்கும் இடத்தில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணின் க்யூஆர் அட்டையை வைத்து, எண்ணைச் சேமிக்கச் செய்துவிட்டே அனுப்புங்கள். தீபாவளி, பொங்கல் நேரத்து ஸ்லாட் அறிவிப்புக்கு மட்டும் ப்ராட்காஸ்ட் போதும். தினம் ‘குட் மார்னிங்’ பூங்கொத்து போனால் பிளாக் செய்வார்கள். ரிப்போர்ட் கூடினால் எண்ணே முடங்கும். ஸ்டேட்டஸில் படம் போட அனுமதி கேளுங்கள். பின்தலை மட்டுமென்றால் அநேகமாகத் தலையாட்டுவார்கள்.

இரண்டையும் இணைப்பது இன்ஸ்டா பயோவில் வைக்கும் வாட்ஸ்அப் லிங்க். எண்ணுக்கு முன் 91 மட்டும்; பூஜ்யமோ கூட்டல் குறியோ சேர்த்தால் திறக்காமல் போகலாம். தொடக்கக் கட்டணத்தை இன்ஸ்டா ஸ்டோரி ஹைலைட்டில் போட்டுவிட்டால் “ரேட் என்ன?” பாதி குறையும்.

கூகுள் பிசினஸ் பக்கம் இலவசம், ஒருமுறை அமைத்தால் அதிகம் தொடவேண்டாம். வீட்டில் செய்கிறவர் முகவரியை மறைத்து, சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி தராதீர்கள், விதிமீறல்.

மணப்பெண் வேலை மட்டுமே செய்கிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ், அவருக்கு இன்ஸ்டாதான். ஆண்களுக்கான கடைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை அவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

2021 அக்டோபர் 4-ல் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தே ஆறு மணி நேரம் படுத்தன, இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. எனவே சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்கப் பின் (PIN) எண் போடுங்கள், எண்களைக் கூகுள் கான்டாக்ட்டிலும் அந்த வார அப்பாயின்ட்மென்ட்டை ஒரு நோட்டிலும் வையுங்கள்.