முடக்குவாதத்துக்கு மூன்று மாத்திரைக் கூட்டு: பலம் எங்கே, சறுக்கல் எங்கே

முடக்குவாதத்தில் வலி குறைவது வேறு, மூட்டு தப்புவது வேறு. டைக்ளோஃபெனாக், எடோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் அடக்கும். எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது அவற்றால் ஆகாது. அதற்குத்தான் மெத்தோட்ரெக்சேட், சல்ஃபசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுவின் மூன்றையும் சேர்த்துத் தருகிறார்கள்.

1996இல் வெளிவந்த இரண்டாண்டு ஆய்வில் 102 பேர் இருந்தார்கள். மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களில் 77 சதவீதம் பேருக்கு நோய் பாதியளவாவது தணிந்தது. மெத்தோட்ரெக்சேட் மட்டும் எடுத்தவர்களில் அது 33 சதவீதம்தான். 2013இல் 353 பேரிடம் செய்த ஒப்பீட்டில், எட்டனெர்செப்ட் ஊசியும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்த சிகிச்சைக்கு இந்தக் கூட்டு சளைக்கவில்லை. ஊசியின் விலையோடு பார்த்தால் இது மிக மலிவு. மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதவர்களுக்கு, ஊசிக்குப் போகும் முன் முயன்று பார்க்கத் தகுந்தது.

ஆபத்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்டில் இருக்கிறது. இது வாரம் ஒரே நாள் போடும் மாத்திரை. தினமும் போட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும், உயிரே போகலாம். கடையில் 2.5 மி.கி.யும் கிடைக்கும், 10 மி.கி.யும் கிடைக்கும். சீட்டில் வெறுமனே "4 மாத்திரை" என்றிருந்தால் 10 மி.கி. போக வேண்டிய இடத்தில் 40 போய்விடும். ஆகவே மி.கி. அளவும் கிழமையும் சீட்டில் எழுத்தில் இருக்கட்டும். ஃபோலிக் அமிலம் 5 மி.கி.யை வேறொரு நாளில் போட்டால் குமட்டலும் வாய்ப்புண்ணும் குறையும். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல் எழுதினால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதை உடனே சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். மது கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் பல மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி நிறுத்த வேண்டும்.

சல்ஃபசலசினை 500 மி.கி.யில் தொடங்கி, வாரம் 500 வீதம் ஏற்றி, நாளுக்கு 2 கிராம் வரை கொண்டுபோவார்கள். முதல் நாளே முழு அளவு போட்டால் வயிறு தாங்காது. மேலுறை போட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இயல்புதான். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையும், நிறுத்தினால் மீளும்.

ஹைட்ராக்சிகுளோரோகுவின் நாளுக்கு எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 60 கிலோ என்றால் 300. ஒரு நாள் 200, மறுநாள் 400 என்று மாற்றிப் போட்டால் கணக்கு சரியாகும். இது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே.

ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பரிசோதனை முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை.

இந்தக் கூட்டின் உண்மையான குறை, மெதுவாக வேலை செய்வது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்த அளவு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தருவார்கள். அது இரண்டே நாளில் சுகம் தருவதால் பலர் அதை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். மூட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியது பிரெட்னிசோலோனை.

காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மெத்தோட்ரெக்சேட்டைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்தில் முன்னேற்றமே இல்லை, ஆறு மாதத்திலும் வீக்கம் அடங்கவில்லை என்றால் எட்டனெர்செப்ட் போன்ற ஊசி மருந்தைப் பற்றிக் கேளுங்கள்.