கல்யாண மண்டபத்தில் விற்கும் 'காந்த' கணுக்கால் பெல்ட்: ஏமாறாதீர்கள்

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. பன்னிரண்டு வருடம் முன்பு பஸ் படியில் தவறி வலது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் இப்போது அந்த மூட்டுதான் தேய்ந்திருக்கிறது. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார்.

பேப்பருக்குள் வந்த நோட்டீஸைப் பார்த்து, நான் ஆபீஸ் போன நேரத்தில் 'இலவசப் பாதப் பரிசோதனை'க்குப் போயிருக்கிறார். ஒரு பலகை மேல் நிற்க வைத்தார்களாம். கம்ப்யூட்டரில் பாதம் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்ததும், "சிவப்பா இருக்கிற இடத்துல ரத்தமே ஓடலைம்மா" என்றானாம் வெள்ளைக் கோட்டுப் பையன். உடம்பு எடை எங்கே அதிகம் இறங்குகிறதோ அந்த இடம் சிவப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அவன் குதிகாலை வைத்தாலும் சிவப்புதான் வரும்.

காந்தம் வைத்த பெல்ட், ஜவ்வு திரும்ப வளரும், 45 நாளில் கைத்தடி வேண்டாம் என்று சொல்லி 6,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அளவே எடுக்கவில்லை, ஃப்ரீ சைஸாம். ராத்திரியும் கழற்றக் கூடாதாம்.

ஆறாம் நாள் கழற்றிப் பார்த்தேன். கணுக்கால் மொழி மேல் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்து, பெல்ட்டின் உள்துணி ஈரமாக ஒட்டியிருந்தது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனதில் அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. வலி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் அச்சடித்த விலை 390.

புண் ஆற மூன்று வாரம். அப்புறம்தான் எலும்பு டாக்டரிடம் போனோம். நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். ஜவ்வை எந்த பெல்ட்டும் வளர்க்காது, மூட்டு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொண்டால் நடக்கும்போது வலி குறையும் என்றார். மொழிக்கு மேலே டேப் வைத்துச் சுற்றளவு எடுத்து, இரண்டு பக்கமும் பட்டி வைத்த, கயிறு கட்டும் வகையைக் கொடுத்தார்கள். 1,750 ரூபாய். காட்டன் சாக்ஸ் மேல்தான் போட வேண்டும், கொஞ்சம் பெரிய ஷூ வேண்டும், படுக்கும்போது கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். இப்போது அம்மா தெருமுனைக் கடை வரை போய் வருகிறார். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் சுவர் தேவைப்படவில்லை. செலவு செய்ய முடியாதவர்கள் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "உடம்புல போட்டதை வாங்க மாட்டோம் சார்" என்றார்கள். மறுநாள் போன் ஸ்விட்ச் ஆஃப். பில் என்று கொடுத்த தாளில் 'முகாம் பங்களிப்பு' என்று மட்டும் இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரியும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். யார் மேல் என்று எழுதுவதற்கே திணற வேண்டியிருந்தது.

நேற்றுப் பேப்பருக்குள் மறுபடியும் நோட்டீஸ். கம்பெனிப் பெயர் வேறு, மண்டபம் வேறு. கைத்தடியை வீசி எறியும் அந்தத் தாத்தா படம் மட்டும் அதேதான். வரும் ஞாயிறு, காலை பத்து மணிக்காம்.