ஒன்ராறியோ ஏரிகளில் கரையிலிருந்து இறங்க வெட்சூட்டா, டிரைசூட்டா?

"ஏழு மில்லிமீற்றர் வெட்சூட் இருந்தாப் போதும், சும்மா காசைக் கொட்டாதை" என்று ரொறன்ரோவில் டைவ் பழகும் எல்லாருக்கும் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். அதில் பொய்யில்லை. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை, பத்து மீற்றருக்குக் கீழே போகாமல், ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் இறங்கினால் போதும்தான். நானும் சில சீசன் அப்படி ஓட்டிவிட்டு, பிறகு ஒருவர் பாவித்த ட்ரைலமினேட் (மூன்றடுக்கு நீர்புகாத் துணி) டிரைசூட்டை வாங்கி மாறினேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரைசூட் பக்கம். ஆனால் குளிர் மட்டும் அதற்குக் காரணமில்லை. குளிர் எல்லாருக்கும் தெரிந்த கதை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இரண்டும் டைவ் செய்யும்போது, அதாவது காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும்போது, குளிருக்குப் போடும் உடைகள். வெட்சூட் உடம்பை நனைய விடும். நியோப்ரீன் என்ற ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள்தான் உடல் சூட்டைக் காக்கின்றன. டிரைசூட் கழுத்திலும் மணிக்கட்டிலும் சீல் வைத்து, நீர்புகாத சிப் போட்டு, தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிடும். ட்ரைலமினேட் சூட் என்றால் அந்தத் துணிக்கு என்று சூடு கிடையாது. உள்ளே போடும் தடித்த உள்சூட்டும் அதில் தங்கும் காற்றும்தான் சூடு.

இனி ஏரி. கடலில் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். நன்னீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும்; அதனால் அந்தக் குளிர்ந்த தண்ணீர் அடியில் போய்ப் படுத்துவிடும், கோடை வந்தாலும் எழும்பாது. ரொறன்ரோ நகர மையத்துக் கட்டடங்களுக்கு 2004 முதல் குளிரூட்டுவது இந்தத் தண்ணீர்தான்: கரையிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தள்ளி, 83 மீற்றர் ஆழத்தில் குழாய் வைத்து, வருடம் முழுக்க 4 பாகைத் தண்ணீரை இழுக்கிறார்கள். நாங்கள் அந்த ஆழத்துக்குப் போவதில்லை. அது எங்களைத் தேடி வருகிறது. மேற்கிலிருந்து நாள் முழுக்கக் காற்று அடித்தால், பூமியின் சுழற்சி காரணமாக ஒன்ராறியோ ஏரியின் மேல்தண்ணீர் தெற்கே நகரும். அந்த இடத்தை நிரப்ப அடியில் கிடந்த குளிர்த்தண்ணீர் எங்கள் வடகரையில் மேலே ஏறும். நேற்று 20 பாகை காட்டிய ஹம்பர் பே பூங்காக் கரையில் இன்று கை வைத்தால் விரல் விறைக்கும். ஓகஸ்ட் மாதத்தில்தான் சொல்கிறேன்.

ஹூரன் ஏரிக்கரை ஊரான ரொபர்மொரி பக்கம் போனால் மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் தனித்தனி. 1987இல் உருவான ஃபாதம் ஃபைவ் தேசிய கடல்சார் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பதிவு செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கப்பல் சிதைவுகளில் பலவற்றுக்குப் படகு தேவை. ஆனால் லிட்டில் டப் துறைமுகத்தில் கிடக்கும் பழைய நீராவி இழுவைப் படகுகளைக் கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் கண்ணாடி. கொஞ்சம் கீழே இறங்கியதும் கண்ணுக்கு முன்னால் தண்ணீர் நெளிவதுபோலத் தெரியும், அடுப்புக்கு மேலே காற்று ஆடுவது மாதிரி. அதுதான் தெர்மோகிளைன், மேலே உள்ள சூட்டுத் தண்ணீரும் கீழே உள்ள குளிர்த்தண்ணீரும் சந்திக்கும் எல்லை. அதற்குள் முகம் போனதும் நெற்றி விண் விண் என்று வலிக்கும்.

அந்த இடத்தில்தான் வெட்சூட்டின் அடிப்படைக் குறை வெளிப்படும். பத்து மீற்றரில் அழுத்தம் இரட்டிப்பாகும், நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயு பாதியாகச் சுருங்கும். இருபதில் மூன்றில் ஒன்று. எங்கே தண்ணீர் அதிகம் குளிர்கிறதோ, அங்கேதான் சூட் மெலிகிறது. மிதப்பும் கூடவே போவதால் பி.சி.டி.க்கு (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) காற்று ஏற்றிச் சமாளிக்க வேண்டும். டிரைசூட்டில் அழுத்தம் கூடக் கூட உள்ளே காற்று விடுகிறோம்; உள்சூட் தன் தடிப்பை இழப்பதில்லை.

இவ்வளவும் நீருக்குள் நடப்பது. கரையிலிருந்து டைவ் செய்பவனுக்கு முக்கியமானது வெளியே வந்த பிறகு நடப்பது. படகு என்றால் ஒரு அறை இருக்கும், சிலவேளை சுடுதண்ணீரும் இருக்கும். கரையில் இருப்பது ஒரு கார் டிக்கி. முதல் டைவ் முடித்து, பாசி வழுக்கும் சுண்ணாம்புக் கற்களில் தட்டுத் தடுமாறி ஏறி, நனைந்த நியோப்ரீனோடு காற்றில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். தண்ணீருக்குள் இழந்தது போக மிஞ்சிய உடல் சூட்டையும் அந்தக் காற்று உருவிக்கொள்ளும். இரண்டாவது டைவுக்குக் கூட வந்தவர் "நீ போ, நான் கரையில நிக்கிறன்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த மணித்தியாலத்தில்தான். ரொபர்மொரிக்கு நாலு மணித்தியாலம் கார் ஓடிவிட்டு ஒரு டைவோடு திரும்புவது கொடுமை. டிரைசூட்காரர் சிப்பைத் திறந்து, ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு நிம்மதியாகச் சான்ட்விச் சாப்பிடலாம். (கோப்பியை மட்டும் அளவோடு குடிக்க வேண்டும். வெட்சூட்காரர் தண்ணீருக்குள் என்ன செய்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. சாதாரண டிரைசூட்டில் அந்த வசதி கிடையாது.)

சரி, பராமரிப்பு. டிரைசூட் வேண்டாம் என்பவர்களின் பிரம்மாஸ்திரம் இதுதான்: சீல் கிழியும், சிப் போகும், செலவுக்கு முடிவே இல்லை. பாதி உண்மை. ஆனால் பராமரிப்பு என்றால் பழுது பார்ப்பது மட்டும் இல்லையே. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய பராமரிப்பு ஒன்று இருக்கிறது: காயவைப்பது.

ஏழு மில்லிமீற்றர் வெட்சூட் இரண்டு துண்டு. கீழே தோள்வரை வரும் உடுப்பு, மேலே சட்டை, ஆக நெஞ்சில் பதினாலு மில்லிமீற்றர். அதோடு தலைமூடி, கையுறை, சப்பாத்து. எல்லாம் சேர்ந்து குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் பேஸ்மென்ட் கொடியில் ஞாயிறு இரவு தொங்கவிட்டால் செவ்வாய்க்கிழமை தொட்டாலும் அக்குளும் முழங்காலும் ஈரமாக இருக்கும். உட்பக்கத் துணியில் அந்தப் பாசி மணம் வேறு. "உந்தச் சாமானைக் கொண்டுபோய் வெளியில போடு தம்பி, உடுப்பெல்லாம் மணக்குது" என்று அம்மா படியிலிருந்தே குரல் கொடுப்பார். வெளியே போட்டால் வெயில் நியோப்ரீனைச் சாப்பிடும். ஒக்டோபரில் வெளியே போட்டால் காயவே காயாது. சனிக்கிழமை டைவ் செய்துவிட்டு ஞாயிறு காலை அதே ஈரச் சூட்டுக்குள், காற்று 8 பாகையாக இருக்கும்போது காலை விடும் அனுபவத்தை எதிரிக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூக்குப் பிரச்சினையோடு இது முடிவதில்லை. 1988இல் சென்ட் கிளேயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிக்குதிரை மட்டி கிரேட் லேக்ஸ் எனும் பெரிய ஏரிகள் முழுக்கப் பரவி, அதன் உறவுக்கார மட்டியான குவாகாவும் சேர்ந்து, இன்று கப்பல் சிதைவுகளைப் போர்த்தி மூடியிருக்கிறது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் இனம். நாங்கள் மெச்சிக்கொள்ளும் அந்தத் தெளிவு பாதி இவற்றின் உபயம், ஏரியின் மீன்களுக்குப் போக வேண்டிய உணவைப் பறித்து வந்த தெளிவு. இவற்றின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை, ஈரத்தில் உயிரோடு பயணம் செய்யும். ஆகவே பெரிய ஏரியில் இறங்கிய சூட்டோடு அடுத்த கிழமை மஸ்கோகா பக்கத்துச் சின்ன ஏரி ஒன்றில் இறங்க நினைப்பவர், 50 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் நாள்கணக்கில் முழுதாகக் காயவிட வேண்டும். நிறைய ஏரி உள்ள மாகாணத்தில், கரையிலிருந்து இறங்கும் ஆசையே இடம் மாறி மாறிப் போகத்தான். உப்பு இல்லை, கழுவத் தேவையில்லை என்ற நினைப்பு நன்னீர் டைவர்களிடம் சாதாரணம். கடல் உப்பு உங்கள் சூட்டை மட்டும்தான் கெடுக்கும். இந்த மட்டி அடுத்த ஏரியையே கெடுத்துவிடும்.

ட்ரைலமினேட் சூட்டின் வெளிப்பக்கம் மழைக்கோட்டுத் துணி. அலசி, வேலியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். உள்பக்கம் வியர்வைதான், திருப்பிப் போட்டால் போதும். உள்சூட் சாதாரண உடுப்பு மெஷினுக்குள் போகும். எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். வேலைக்குப் போகிற, பேஸ்மென்டில் இருக்கிற, வார இறுதியில் மட்டும் ஏரிக்குப் போகிற ஆளுக்கு, காயாத சூட் என்பது அடுத்த கிழமை போகாமல் விடுவதற்கான சாட்டு.

சீல், சிப் கதைக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். லேடெக்ஸ் சீல் மெல்லியது, சுகமானது, தலையை நுழைக்க இலேசானது. ஆனால் வெயில், எண்ணெய், ஓசோன் எல்லாமே அதற்கு எதிரி. சில வருடத்தில் பிசுபிசுத்துப் போகும், மாற்ற வேண்டுமென்றால் கடைக்குக் கொடுத்து ஒட்ட வேண்டும். ஒரு சீலுக்காகச் சூட்டைக் கடையில் கொடுத்துவிட்டு, நல்ல சீசனில் நாள்கணக்காக "இன்னும் பசை காயேல்லை" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதன்பிறகு வளையம் போட்டு சிலிக்கோன் சீலுக்கு மாறினேன். சிலிக்கோன் துணியில் இலேசில் ஒட்டாது, அதனால் பிளாஸ்டிக் வளையத்தில் பொருத்துகிறார்கள். பலவீனமும் உண்டு: சின்னக் கீறல் விழுந்தால் அப்படியே ஓடிக் கிழியும், மட்டி ஓட்டின் விளிம்போ பிளேட் மாதிரி வெட்டும். ஆனால் கிழிந்தால் கார் டிக்கியிலேயே கழற்றி வேறொன்று மாட்டலாம். மணிக்கட்டுச் சீல் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். வளையம் இல்லாத டிரைசூட்டை ஏரிக்கரை டைவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிப்தான் உண்மையான செலவு. பித்தளைப் பல் சிப்புக்கு மெழுகு தடவ வேண்டும்; பிளாஸ்டிக் சிப்புக்கு முடியும் இடத்தில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். மடித்து வைக்கக்கூடாது, மணல் இருக்கக்கூடாது. இவ்வளவு செய்தும் ஒரு நாள் போகும், மாற்றச் சில நூறு டொலர் ஆகும். அதை வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நியோப்ரீனுக்கு இப்படி ஒரு நாள் பில் வராது. அது டைவுக்கு டைவ் நசுங்கி மெலிந்து, ஒருநாள் ஏழு என்று பெயர் மட்டும் மிஞ்சும். பழைய வெட்சூட்டை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. சிப் நல்லாக இருக்கும் டிரைசூட்டுக்கு ஆள் வரும். நான் வாங்கியதே அப்படித்தானே.

வெட்சூட் வெல்லும் இடங்களும் இருக்கின்றன. ப்ராக்வில்லில் சென்ட் லோறன்ஸ் நதிக்கரையிலிருந்து இறங்குபவர்களுக்கு டிரைசூட் தேவையில்லை. ஏரியின் மேல்தண்ணீர் அங்கே ஓடி வருகிறது, நீரோட்டம் கலக்கிவிடுவதால் தெர்மோகிளைன் கிடையாது, கோடையில் அடிவரை இதமாக இருக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் இறங்குபவர் வாடகைக்கு வெட்சூட் எடுப்பதே புத்தி. ஓகஸ்ட் வெயிலில் கார் நிறுத்துமிடத்திலிருந்து உள்சூட்டோடு நடப்பது நரகம், அதையும் மறைக்கவில்லை. "வெட்சூட்டை ஊருக்குப் போகும்போதும் கொண்டுபோகலாமே" என்று ஒரு வாதம் வரும். திருகோணமலை புறாத்தீவில் 28 பாகைத் தண்ணீரில் ஏழு மில்லிமீற்றர் போட்டு இறங்குபவர் கரைக்கு அவியலாகத்தான் திரும்புவார்.

டிரைசூட்டைக் கட்டிக்கொண்டதும் டைவர் ஆகிவிட முடியாது. உள்ளே இருக்கும் காற்று காலுக்கு ஓடினால் தலைகீழாகி மேலே இழுக்கும். உருண்டு திரும்பி, இடது தோள் வால்வால் வெளியேற்றப் பழக வேண்டும். அதற்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது, ஆழமில்லாத கரையில் பழகுங்கள். ரெகுலேட்டரும் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) குளிர்நீருக்கானதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஈ.என்.250 தரத்தில் 10 பாகைக்குக் கீழ் பாவிக்கக்கூடாது என்று குறித்த ரெகுலேட்டரோடு தெர்மோகிளைனுக்குக் கீழே போவது, என்ன சூட் போட்டிருந்தாலும், வினையை விலைக்கு வாங்குவது. உறைந்துபோய்க் காற்று நிற்காமல் கொட்டும்.

நியோப்ரீன் டிரைசூட்டை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்த அளவுதான் என் பழக்கம். சூடு நன்றாக இருந்தது, காய்வது வெட்சூட் போலத்தான் மெதுவாக. செமி-டிரை (தண்ணீர் குறைவாகவே புகும் வெட்சூட்) பற்றியும், பனிக்கட்டிக்கு அடியில் இறங்குவது பற்றியும் அனுபவித்தவர்களிடம் கேளுங்கள். நான் ஏரி உறைவதற்கு முன் கடையைக் கட்டிவிடுகிறவன்.

விலை: நல்ல இரண்டு துண்டு வெட்சூட் சில நூறு டொலர், புது டிரைசூட் இரண்டாயிரத்துக்கு மேல். பாவித்தது வாங்கப் போகிறீர்களென்றால் கையோடு இரண்டு ஜாம் போத்தலும் ஒரு பந்தும் கொண்டுபோங்கள். போத்தல்களை மணிக்கட்டுச் சீல்களிலும் பந்தைக் கழுத்திலும் அடைத்து, சிப்பை மூடி, வால்வு வழியாகக் காற்று ஏற்றி, சவர்க்காரத் தண்ணீரைத் தடவுங்கள். சீலில் குமிழி வந்தால் கவலையில்லை. தையலில் ஓரிடத்தில் வந்தால் ஒட்டலாம். சிப்பில் வந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் அந்தச் சவர்க்காரத் தண்ணீரிலேயே கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள்.