ஹலசூர் ஏரி பக்கத்து நர்சரி: பிப்ரவரி, மார்ச்ல பூச்செடி வாங்கறவங்களுக்காக

பெங்களூர்ல செடி வாங்கணும்னா எல்லாரும் லால்பாக் பக்கம் தான் ஓடுவாங்க, இல்லன்னா ரிங் ரோடு ஓரமா வரிசையா இருக்கற பெரிய நர்சரிங்க. நான் சொல்ல வர்றது ஹலசூர் ஏரிக்குப் பின்னால சந்துக்குள்ள இருக்கற ஒரு சின்ன நர்சரி பத்தி. பேர் போர்டு கூட கிடையாது, தமிழ்க்காரங்க நர்சரின்னு கேட்டா அங்க பூ கட்டி விக்கறவங்களே வழி சொல்லிடுவாங்க. ஓசூர் பக்கத்து அண்ணாவும் அவர் வீட்டு அக்காவும் சேர்ந்து நடத்துறாங்க. செடிய கைல குடுக்கறதுக்கு முன்னாடியே இது இன்னும் எத்தன நாளைக்கு நிக்கும்னு சொல்லி விக்கற இடம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணு தான், அதுக்காகவே எழுதறேன்.

இது ஏன் பெரிய விஷயம்னா, ஜனவரி கடைசில குடியரசு தினத்துக்கு லால்பாக்ல மலர் கண்காட்சி நடக்கும், கண்ணாடி மாளிகைய பாத்துட்டு வர்ற ஜனங்க அந்த ஜோர்ல வழியில கண்ணுல படற பெட்டூனியா, பான்சி, டயாந்தஸ், டேலியா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவாங்க. எல்லாமே குளிர்ல பூக்கற சீசனல் செடி. ஜனவரில ராத்திரி பதினஞ்சு பதினாறு டிகிரி வரைக்கும் இறங்கறதால தான் அது அப்படி பூத்துக் கொட்டுது, மார்ச் வந்தா மத்தியானம் முப்பத்திரண்டு முப்பத்திமூணு, அப்போ பான்சி மொதல்ல காலி, அடுத்து ஃப்ளாக்ஸ். வாங்கினவங்க தண்ணி பத்தலையோ, உரம் பத்தலையோன்னு இன்னும் ஊத்தி வேரையும் அழுக வெச்சிடறாங்க. தப்பு அவங்க மேல இல்ல, விக்கறவங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

இங்க சொல்றாங்க. போன மாசம் ஒரு பையன் பூத்து நிக்கற பான்சி ட்ரேய அப்படியே தூக்கிட்டு வந்து எவ்ளோன்னு கேட்டான். அண்ணா விலையே சொல்லல, "தம்பி, உங்க பால்கனி எந்தப் பக்கம்?"னு கேட்டாரு. மேற்குன்னான். "அப்போ இது வேணாம், மார்ச் பாதி கூட தாண்டாது. விங்கா, அதான் நித்தியகல்யாணி, எடுத்துக்கங்க, ஜின்னியா விதை தரேன், மண்ணுல நேரா போடுங்க, ரெண்டு மாசத்துல பூக்கும்"னு சொல்லி பாதி காசுக்கு பில் போட்டு அனுப்புனாரு. வியாபாரத்துல இதெல்லாம் யாரு பண்றா சொல்லுங்க.

அக்கா கிட்ட கத்துக்கிட்டது தனி. பெட்டூனியால வாடின பூவ எல்லாரும் பிச்சுப் போடுவோம்ல, வெறும் இதழ் மட்டும் தான் கையோட வரும். அதுக்குப் பின்னால பச்சையா மிளகு சைஸ்ல ஒரு குமிழ் காம்புலயே நிக்கும், விதை அதுக்குள்ள தான் இருக்கு. விதை பிடிச்சிட்டா செடி தன் வேலை முடிஞ்சதுன்னு பூக்கறத குறைச்சிடும், அதனால காம்போட சேத்து அந்தக் குமிழையும் நகத்தால கிள்ளணும். அக்கா ஒரு தொட்டி முழுக்க கிள்ளிக் காட்டுனாங்க, அந்த இலை பிசுபிசுன்னு ஒட்டும், விரல் நுனியெல்லாம் பச்சை ஆயிடுச்சு, அத பாவாடையில துடைச்சிக்கிட்டே அடுத்த தொட்டிக்குப் போயிட்டாங்க. இத ஒழுங்கா பண்ணா காலை வெயில் மட்டும் படற பால்கனில பெட்டூனியா நல்லாவே நீண்டு வருது, எங்க வீட்டுல இப்பவும் பூத்துட்டு தான் இருக்கு.

இன்னொண்ணு, பூ நெறைய இருக்கற செடிய எடுக்க விடமாட்டாங்க. மொட்டு அதிகமா, உயரம் கம்மியா, கவர் அடியில வேர் சுத்தாம இருக்கறத தான் எடுத்துத் தருவாங்க. பூத்து முடிஞ்ச செவந்திய தூக்கிப் போடாம கொண்டு வாங்கன்னும் சொல்றாங்க. தரையில இருந்து நாலு இன்ச் விட்டு வெட்டினா அடியில பக்கக் கன்னு வரும், அத பிரிச்சு வெச்சா அடுத்த சீசனுக்கு செடி ரெடி. செவந்திக்கு ராத்திரி நீளமா இருந்தா தான் மொட்டு வரும், தொட்டபள்ளாபுரம் சிக்கபள்ளாபுரம் பக்கம் தோட்டத்துல ராத்திரி பூரா பல்பு எரியறது இதுக்குத் தான், வெளிச்சம் குடுத்து மொட்ட தள்ளிப் போட்டு, தேவைப்படற நேரத்துக்கு பூக்க வைப்பாங்க. பால்கனில ட்யூப்லைட் கிட்ட செவந்தித் தொட்டி வெக்காதீங்கன்னு அண்ணா சொன்னதும் அதே காரணம் தான்.

நான் அடிச்சு சொல்றது என்னன்னா இங்க போனா குண்டுமல்லி வாங்குங்க. பிப்ரவரில பாக்க மொட்டையா நாலு குச்சி நிக்கற மாதிரி இருக்கும், அதனாலயே யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க. நவம்பர் கடைசில கவாத்து பண்ணி வெச்ச செடி அது, கணு கணுவா இளந்துளிர் விட்டிருக்கும், மார்ச்ல இருந்து பூ எடுக்கலாம். ஒரு தொட்டி 150 ரூபாய். இந்த ஊர்ல முழம் மல்லி விக்கற விலைக்கு இது எவ்ளோ லாபம்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க. கூடவே வெயில் தாங்கற டேபிள் ரோஸ், வாடாமல்லி, கோழிக்கொண்டை, காஸ்மாஸ் எல்லாம் 30 ரூபாய்ல இருந்து இருக்கு. குளிர்காலத்து செடி ஒண்ணு ஒண்ணா ஓயற நேரத்துக்கு இதெல்லாம் பூ பிடிச்சிடணும்னு நாள் பாத்து விதைக்கறாங்க.

1908-ல இந்த ஊருக்கு வந்து லால்பாக்க பாத்துக்கிட்ட ஜெர்மன்காரர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து முடிஞ்சா அடுத்தது ஆரம்பிக்கற மாதிரி ரோட்டுக்கு மரம் தேர்ந்தெடுத்தவரு. ரோஸ் கலர் டபேபூயா, அப்புறம் மஞ்ச டபேபூயா, அப்புறம் ஜகரண்டா, ஏப்ரல்ல குல்மோகர்னு இன்னிக்கும் நம்ம கண்ணுக்கு முன்னாடி நடக்குது. தொட்டிக்கு அதையே பண்றாங்க இந்த ரெண்டு பேரும், அதனால தான் எனக்கு இந்த நர்சரி மேல அவ்ளோ மதிப்பு.

குறையும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கலந்து தர்ற மண்ணு செம்மண் ஜாஸ்தி, தண்ணி ஊத்த ஊத்த கெட்டியாகி மேலயே நிக்குது, கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் கூட கேட்டு வாங்கிக்கங்க, இல்லன்னா வீட்டுல கலந்துக்கங்க. டேலியால கலர் லேபிள் இல்ல, சிவப்புன்னு குடுத்தது எங்க வீட்டுல மஞ்சளா பூத்துச்சு. பூ அழகா தான் இருக்கு, ஆனா கலர் பாத்து வாங்கறவங்களுக்கு கஷ்டம், எழுதி ஒட்ட அஞ்சு நிமிஷம் ஆகாது. டெலிவரி கிடையாது, கார் நிறுத்த இடமும் கிடையாது, ஸ்கூட்டர் இல்ல ஆட்டோ தான்.

தண்ணி விஷயத்துல அவங்க யோசனை ரொம்ப உதவியா இருந்துச்சு. 2024 மார்ச்ல ஊரே தண்ணிக்கு அல்லாடினப்போ குடிதண்ணிய செடிக்கு ஊத்தினா 5000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி ஊத்துங்க, ஆர்ஓ மெஷின்ல வர்ற வேஸ்ட் தண்ணிய மட்டும் தினமும் ஊத்தாதீங்க, உப்பு சேர்ந்து இலை ஓரம் கருகிடும்னு அக்கா சொன்னாங்க. தொட்டி மேல காஞ்ச இலைய பரப்பி வெச்சதுல எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்தினாலே போதுது. செண்டுமல்லில மார்ச்ல இலைக்கு அடியில சின்ன நூலாம்படை மாதிரி தெரிஞ்சா அது சிலந்திப்பேன், அடிப்பக்கம் தண்ணி பீச்சி அடிச்சு அப்புறம் வேப்பெண்ணெய் தெளிக்கணும், அதையும் செடி விக்கும்போதே சொல்லிடறாங்க.

காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க, அப்போ தான் அண்ணா நின்னு பேசுவாரு. ஞாயித்துக்கிழமை கூட்டம், ஜிபே இருக்கு. மல்லி தொட்டி கொஞ்சமா தான் வெச்சிருக்காங்க, வேணும்னா இந்த வாரமே போயிடுங்க.