ஐஸ்லாந்து வட்டச்சாலையில் குளிர்காலக் குடும்பப் பயணத் தொகுப்பு: கார் நன்று, கால அட்டவணை தவறு

ஐஸ்லாந்து தீவைச் சுற்றி வரும் முதலாம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர் நீளமுடையது. பிப்ரவரி மாதத்தில் அந்தச் சாலை முழுவதையும் குடும்பத்துடன் காரில் சுற்றி வருவதற்காக, வாடகை கார், வழியெங்கும் தங்கும் அறைகள், நாள்வாரியான வழிக்குறிப்பேடு ஆகிய மூன்றையும் சேர்த்து விற்கும் ஒரு நிறுவனத்தின் குளிர்காலத் தொகுப்பை வாங்கினோம். நானும் என் மனைவியும் மாறி மாறி ஓட்டினோம். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவரும் என் தாயாரும் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த கார் குளிர்காலத்துக்கென்றே பார்த்துப் பார்த்துத் தயாரிக்கப்பட்டது. அவர்கள் கொடுத்த கால அட்டவணையோ கோடைக்கு வரையப்பட்டு, தேதி மட்டும் மாற்றி விற்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் வாங்கப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நான்கு சக்கர இயக்கமும் தானியங்கி கியரும் கொண்ட பெரிய வண்டி. நான்கு சக்கரங்களிலும் ஆணி பதித்த டயர்கள். ஐஸ்லாந்தில் இத்தகைய டயர்களுக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 14 வரைதான் அனுமதி உண்டு. ஆணியில்லாத குளிர்கால டயர்களும் சட்டப்படி போதுமானவையே; சில நிறுவனங்கள் அவற்றையே கொடுத்து அனுப்புவதும் உண்டு. ஆனால் பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் படிந்திருக்கும் மலைச்சரிவில் இறங்கும்போது, ஆணிகள் தரையைக் கவ்வும் அந்தச் சரசரப்பு ஒலி ஓட்டுபவருக்குத் தரும் நம்பிக்கை சிறிதன்று. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்துவது டயர்தான். ஆகவே எந்த நிறுவனத்தில் எடுத்தாலும், காரின் பெயரைவிட டயரின் வகையை எழுத்தில் கேட்டுப் பெறுவது மேல். பனி தள்ளும் தூரிகை, கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும் கருவி, ஒரு சிறு மண்வெட்டி ஆகியவை பின்பெட்டியில் இருந்தன. காரை ஒப்படைத்த ஊழியர் அவசரமின்றி, முகப்பு விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருப்பது அங்கே சட்டம் என்பது முதல், ஒற்றைத்தடப் பாலங்களில் முதலில் வந்தவருக்கே வழி என்பது வரை எடுத்துச் சொன்னார். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய எங்களுக்கு, வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் சுற்றுச்சந்தியை எப்படிக் கடப்பது என்று தாளில் வரைந்தும் காட்டினார்.

காப்பீட்டுப் பகுதியை மட்டும் பொறுமையாக வாசிக்க வேண்டும். அடிப்படைக் காப்பீட்டில் நாம் ஏற்க வேண்டிய தொகை பெரிது. அதைக் குறைக்க ஒரு கட்டணம், சரளைக்கல் பட்டுக் கண்ணாடி தெறித்தால் அதற்கு ஒன்று, மணலும் எரிமலைச் சாம்பலும் வண்ணப்பூச்சைச் சுரண்டினால் அதற்கு இன்னொன்று என்று அடுக்கடுக்காக வருகிறது. தென்கரையில் மிர்டால்சாண்டூர், ஸ்கெய்தாரார்சாண்டூர் என்னும் கருமணல் வெளிகளைச் சாலை குறுக்கே கடப்பதால், மணலுக்கான காப்பீடு வெறும் வியாபாரத் தந்திரம் அன்று. பலத்த காற்றில் அந்த மணல் காரின் மேற்பூச்சை உரித்தெடுத்துவிடும். ஆனால் காற்று கதவைப் பிடுங்கித் திருப்பிவிட்டால் ஏற்படும் சேதத்தை எங்கள் ஒப்பந்தம் ஏற்கவில்லை. அந்நாட்டில் பெரும்பாலான ஒப்பந்தங்களும் ஏற்பதில்லை. குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. கார் நின்றவுடன் கதவைத் தள்ளித் திறந்து ஓடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கம். பின்கதவுகளின் குழந்தைப் பூட்டை முதல் நாளிலேயே போட்டுவிட்டு, காற்றை எதிர்நோக்கி வண்டியை நிறுத்தி, பெரியவர் ஒருவர் இறங்கிக் கதவைப் பிடித்துத் திறந்துவிடும் முறையை நாங்கள் கடைசி வரை கைவிடவில்லை.

135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய இருக்கை அங்கே கட்டாயம். நிறுவனம் தந்த இருக்கைகள் தூய்மையாகவும் புதியனவாகவும் இருந்தன. குறை வேறிடத்தில் இருந்தது: குழந்தை இருக்கைகள் இரண்டும், பருத்த குளிர் உடை அணிந்த முதியவர் ஒருவரும் ஒரே வரிசையில் அமரும்போது இடம் எவ்வளவு குறைந்துபோகும் என்பதை, பயணிகளின் வயதைக் கேட்டு வாங்கிய அவர்கள் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். ஐந்து பேருக்கான கார் என்று அவர்கள் எழுதுவது கோடை உடையில் ஐந்து பேருக்கு.

தொகுப்பின் முற்பாதியான தென்கரை மிக நன்றாக அமைந்தது. தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து விக் கிராமம் 187 கிலோமீட்டர். அங்கிருந்து ஹோப்ன் துறைமுகம் ஏறத்தாழ 270. பிப்ரவரி நடுவில் எட்டு மணிநேரப் பகல் வெளிச்சம் கிடைப்பதால் இந்தத் தூரங்கள் உடம்பை வருத்தவில்லை. (டிசம்பர் இறுதியில் ரெய்க்யாவிக்கில் பகல் நான்கு மணிநேரமே, அதே தொகுப்பை அதே தூரங்களுடன் அம்மாதத்திலும் விற்கிறார்கள் என்பது எனக்குக் கவலை தருகிறது.) வழிக்குறிப்பேடு இந்தப் பகுதிக்கு அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. செல்யாலாந்த்ஸ்ஃபோஸ் அருவியின் பின்புறம் சுற்றி வரும் பாதை பனிக்கட்டி படிந்தால் மூடப்படும் என்றும், ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரையில் அமைதியாகத் தோன்றும் கடலிலிருந்து திடீரென ஒரு பேரலை நெடுந்தூரம் ஏறி வந்து ஆட்களை இழுத்துச் செல்லும் என்றும், அங்குள்ள எச்சரிக்கை விளக்கின் நிறத்தைப் பார்த்த பிறகே கீழே இறங்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் கையைப் பற்றியபடி மேல்மேட்டிலிருந்தே கருமணல் கடற்கரையைப் பார்த்தோம். அதுவே போதுமானதாக இருந்தது.

ஸ்காஃப்டாஃபெல் அருகே சாலையோரத்தில் முறுக்கிக் கிடக்கும் எஃகு விட்டங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் குறிப்பை நான் தனியே பாராட்டுகிறேன். 1996இல் வாட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் நவம்பர் மாதத்தில் பெருவெள்ளமாகப் பாய்ந்தபோது அடித்துச் செல்லப்பட்ட பாலத்தின் எச்சம் அது. இந்தச் சமவெளியின் ஆறுகளுக்குப் பாலம் அமைத்த பிறகே, 1974இல், தீவைச் சுற்றிய சாலை முழு வட்டமாயிற்று. அதற்கு முன்பு ஹோப்னிலிருந்து தலைநகருக்குக் காரில் வர வேண்டுமானால் வடக்கே சுற்றித்தான் வர வேண்டும். என் தாயார் அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெள்ளம் வரும் என்று தெரிந்தும் மீண்டும் அதே இடத்தில் சாலை போட்டிருக்கிறார்களே என்று வியந்து நின்றார்.

குறை ஹோப்னுக்கு அப்பால் தொடங்குகிறது. ஏகில்ஸ்டாதிர் நகருக்குச் செல்ல வழிகாட்டிச் செயலிகள் ஓக்ஸி என்னும் மலைக்கணவாய் வழியைக் குறுக்குவழியாகக் காட்டுவதுண்டு. அது செங்குத்தான சரளைப் பாதை. குளிர்காலத்தில் பெரும்பாலும் மூடியே கிடக்கும். 2017 முதல் வட்டச்சாலை கிழக்கு ஃபியோர்டுகளின் (நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடல் நுழைவுகளின்) கரையோரமாக, ஃபாஸ்க்ரூத்ஸ்ஃப்யோர்தர் சுரங்கம் வழியாகச் செல்கிறது. குளிர்காலத்தில் வருபவர்கள் அதைத்தான் பிடிக்க வேண்டும். எங்கள் குறிப்பேட்டில் அச்சிட்டிருந்த கிலோமீட்டர் கணக்கு ஓக்ஸி வழிக்கானது. அதாவது, கோடைக்கால ஏடு அப்படியே எங்கள் கைக்கு வந்திருக்கிறது. இருட்டிய பிறகு, பனி பறக்கும் நேரத்தில், பிள்ளைகளுடன் ஒரு குடும்பம் அந்தத் தூரக்கணக்கை நம்பிப் புறப்பட்டால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தாவது இதை அவர்கள் திருத்த வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை மறுநாளைக்கான திட்டத்தில் இருந்தது. ஏகில்ஸ்டாதிரிலிருந்து மீவாத்ன் ஏரியைப் பார்த்துவிட்டு அதே மாலை ஆகுரேரி நகரை அடைய வேண்டும் என்பது அட்டவணை. நடுவிலுள்ள மோத்ருதால் உயர்வெளியில் மரமும் இல்லை, ஊரும் இல்லை; காற்று தரையிலுள்ள பனியை வாரி எறியும்போது சாலையின் ஓரத்தைக் காட்டும் அடுத்த மஞ்சள் கம்பம்கூடத் தெரியாது. குளிர்காலத்தில் அந்தப் பகுதி மூடப்படுவது வழக்கமான நிகழ்ச்சி. நாங்கள் புறப்படவிருந்த காலையிலும் அது மூடப்பட்டது. வழியை மூடியதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆகுரேரியில் முன்பதிவு செய்திருந்த அறை வீணானதோடு, ஏகில்ஸ்டாதிரில் இன்னோர் இரவுக்கு நாங்களே தனியாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. நிறுவனத்தின் தொலைபேசி உதவி உடனே கிடைத்தது, அன்பாகவும் பேசினார்கள். அறை தேடிக் கொடுத்ததும் அவர்களே. ஆனால் பயன்படுத்தாத இரவுக்கான பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் உள்ள வரியைக் காட்டினார்கள். அந்த வரி உண்மையிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. குளிர்காலத் தொகுப்பு என்று பெயரிட்டு விற்பவர், குளிர்காலத்தில் நிச்சயமாக நேரக்கூடிய ஒன்றின் செலவு முழுவதையும் வாங்குபவர் தலையில் ஏற்றுவது நியாயமன்று என்பதே என் வாதம். வட்டத்தின் கிழக்கிலோ வடக்கிலோ ஓர் இரவைக் காலியாக விட்டுவைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

இந்த இடத்தில் அரசின் சாலைத்துறைச் சேவையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே பனிக்கட்டித் திட்டுகள், எங்கே முழு வழுக்கல், எங்கே மூடல் என்பதை நிறங்களால் காட்டும் அவர்களுடைய இணைய வரைபடம் நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. சாலையோரக் கேமராக்களின் படங்களையும் அதிலேயே பார்க்கலாம். 1777 என்ற எண்ணில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். மலையடிவாரங்களில் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று காட்டும் மின்பலகைகள் உள்ளன. அதில் 25 என்று கண்டால் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்று பொருள். அன்று எந்தக் குடும்பமும் சாலையில் இருக்க வேண்டியதில்லை. இத்தனையும் இலவசம். வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டால், விலைகொடுத்து வாங்கிய குறிப்பேட்டைவிட அவையே எங்களுக்கு வழிகாட்டின.

தங்குமிடங்கள் எளிமையானவை, வெதுவெதுப்பானவை. இரண்டைத் தவிர மற்றவற்றில் சமையலறை இருந்ததால், மாலையில் சோறும் பருப்பும் வைத்துச் சாப்பிட முடிந்தது. சைவ உணவு உண்ணும் என் தாயாருக்கு அது பேருதவி. ஆனால் சிற்றூர்களில் உள்ள வெந்நீர்க் குளங்களைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லை. பூமியின் வெப்பத்தால் சூடேறும் நீரைக் கொண்டு திறந்தவெளியில் நடத்தப்படும் இந்தப் பொதுக் குளங்கள்தாம், சீக்கிரம் இருட்டிவிடும் மாலைகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த முழு மகிழ்ச்சி. குளத்தில் இறங்குமுன் ஆடையின்றிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அங்குள்ள கண்டிப்பான விதி. அதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளைகள் தயங்க மாட்டார்கள்.

ஆகுரேரியை ஒட்டிய வத்லாஹெய்தார் சுரங்கத்தில் சுங்கச்சாவடி கிடையாது; கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், பணத்தை நாமாக இணையத்தில் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் வாடகை நிறுவனத்துக்குக் கணக்குப் போய், அங்கிருந்து சேவைக் கட்டணத்துடன் நமக்கு வரும். இதைக் காரை ஒப்படைத்தவரே நினைவூட்டியிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது முன்கண்ணாடியில் சரளைக்கல் பட்ட ஒரு சிறு தெறிப்பு இருந்தது. சரளைக் காப்பீட்டில் அது அடங்கியதால் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

இந்தத் தொகுப்பையே வாங்க விரும்புவோர், பணம் கட்டுவதற்கு முன்பே ஏகில்ஸ்டாதிரில் இரண்டாவது இரவொன்றைச் சேர்த்து, கிழக்குக் கரைக்கான தூரத்தை ஃபியோர்டு வழியில் கணக்கிட்டுத் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். திரும்பிய பின் நான் எழுதிய மடலுக்கு, அவ்வாறு மாற்றித் தர இயலும் என்று நிறுவனம் பதில் எழுதியிருக்கிறது. கூடுதல் இரவுக்கான கட்டணம் தனி.