அப்பச்சோடாவா, வினாகிரியா, சேர்விஸ் ஸ்ரேஷனா: வாகனத்துக்குள் சத்தி, சலம் பட்டால் எது சரிவரும்?

முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின் சீற்றில் இருந்த நாலு வயதுப் பிள்ளை, "அம்மா, வயித்தைப் பிரட்டுது" என்றது. நான் ஓரங்கட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கச்சான், காலையில் தின்ற ரோல்ஸ், பால்தேத்தண்ணி எல்லாம் கலந்து சீற்றுக்கும் சாய்மனைக்கும் இடையிலான பிளவுக்குள் இறங்கி, பெல்ற் பூட்டுகிற ஓட்டைக்குள்ளும் போய்விட்டது. தாய் கூச்சத்தில் சீலைத் தலைப்பால் துடைக்கப் பார்த்தார். "விடுங்கோ அக்கா, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சுகம். அந்த மணத்தை வெளியேற்ற எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

கிளிநொச்சியில் இருந்து 11 வருடமாக ஹயர் ஓடுகிறேன். முதலில் வான், இப்போது கார். ஆஸ்பத்திரி ஓட்டம்தான் கூட. மல்லாவி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று உள்ளுக்கிருந்து வருத்தக்காரரை ஏற்றி கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோவது. ஆகவே சத்தி, சலம், இரத்தம், பன்னீர்க்குடம் உடைந்தது எல்லாம் பார்த்தாயிற்று. ஆளாளுக்கு ஒரு கைமருந்து சொல்வார்கள். ஒருவர் அப்பச்சோடா என்பார், மற்றவர் வினாகிரி என்பார், மனைவி சாம்பிராணி என்பார். எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எது எதற்குச் சரிவரும், எது சும்மா காசைக் கரைக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எந்தச் சாமான் போடுவது என்று யோசிக்கும் முன்னரே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். கட்டியானதை அட்டைத் துண்டாலோ பழைய கரண்டியாலோ வழித்தெடுங்கள். ஈரத்தை உரஞ்சித் துடைக்கக் கூடாது. உரஞ்சினால் அது ஸ்பொஞ்சுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். பழைய துவாயை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் காலால் ஏறி நின்று அமத்துங்கள். துவாய் நனைந்ததும் மாற்றுங்கள். நான்கு துவாய் மாற்றியும் ஈரம் வந்தால் ஐந்தாவது. இதைச் சரியாகச் செய்தவனுக்கு மலிவு மருந்தே போதும். செய்யாதவனுக்குக் கொழும்பிலிருந்து என்ன போத்தல் எடுப்பித்தாலும் வாசியில்லை. கையுறை போடுவதும் கதவு நாலையும் திறந்து வைப்பதும் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

அப்பச்சோடாவும் வினாகிரியும்

இந்த இரண்டையும் ஒரே மருந்து போல ஆட்கள் பேசுகிறார்கள். உண்மையில் இவை நேர் எதிரானவை. பள்ளிக்கூடத்தில் பாசிச்சாயத் தாள் நனைத்துப் பார்த்தது ஞாபகமிருந்தால் விளங்கும். சத்தியின் புளிச்ச மணம் அமிலத்தின் மணம். வயிற்றில் ஊறுகிற ஐதரோக்குளோரிக் அமிலம் ஒருபக்கம். அதைவிட மூக்கைத் துளைப்பது பியூட்டிரிக் அமிலம். பழுதான வெண்ணெயிலும் வருவது அதே சாமான்தான். அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று, மென்மையான காரம். அமிலத்தோடு சேர்ந்து அதை உப்பாக்கிவிடும். உப்பு ஆவியாகிப் பறக்காது, பறக்காதது மூக்குக்கு வராது. ஆகவே சத்திக்கும் ஊற்றுப்பட்டுப் புளித்த பாலுக்கும் அப்பச்சோடாதான்.

சலம் வேறு கதை. புதுச் சலம் பெரும்பாலும் கொஞ்சம் அமிலத்தன்மைதான், மணமும் அவ்வளவு இல்லை. ஒருநாள் விட்டால் அதிலுள்ள யூரியாவைப் பற்றீரியா உடைத்து அமோனியாவாக்கும். கண்ணைக் கரிக்கிற அந்த வெடில் அமோனியாவினுடையது. அது காரம். காரத்துக்குமேல் அப்பச்சோடா போட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, வெள்ளைத்தூள் மட்டும் மிஞ்சும். அங்கேதான் வினாகிரி. மீன் வெடுக்குக்கும் இதே கணக்குத்தான். முல்லைத்தீவில் மீன் பெட்டி ஏற்றி, ஐஸ் தண்ணி டிக்கிக்குள் ஒழுகினால் வினாகிரி கேட்கும், அப்பச்சோடா கேட்காது. நம் அம்மாமார் மீனைக் கழுவிப் பழப்புளியோ தேசிக்காயோ விட்டுப் பிரட்டி வைப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? மீனின் வெடுக்கும் காரம்தான், புளி அதை மடக்கிவிடுகிறது. குசினியில் தெரிந்த வித்தையை வாகனத்துக்குள் மறந்துவிடுகிறோம்.

இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை பொங்கும், பார்க்க வடிவாக இருக்கும். நுரை வந்தால் ஊத்தை போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒன்றையொன்று தின்றுவிட்டு, காபனீரொட்சைட்டை வெளியே விட்டு, கிட்டத்தட்ட உப்புத்தண்ணியாக மிஞ்சும். இரண்டு சாமானும் வீண்.

பாவிக்கிற விதம் இது. அப்பச்சோடாவை ஈரம் ஒற்றியெடுத்த பிறகு, சீற் இலேசாக ஈரமாக இருக்கும்போதே கனதியாகத் தூவி, விரலால் அமத்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் காய்ந்து கட்டியாக இருக்கும், வக்கியூமால் இழுக்கலாம். வக்கியூம் இல்லாவிட்டால் மென்மையான பிரஷ். கடையில் கேட்கும்போது பேக்கிங் பவுடரைத் தந்துவிடுவார்கள், கவனம். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அது வேறு சாமான். வினாகிரி என்றால் நிறமில்லாததை எடுங்கள். கபிலநிறத்தில் வருகிறவை வெளிர்நிறச் சீற்றில் கறை போடலாம். ஒரு பங்கு வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர், முதலில் சீற்றின் அடியில் மறைவான இடத்தில் சொட்டிப் பார்த்துவிட்டு. வினாகிரியின் சொந்த மணம் ஒருநாளில் ஓடிவிடும். தேசிக்காயும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் சாறு காய்ந்து பிசுபிசுத்து, நம் செம்மண் புழுதியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியில் கன இடங்களில் தண்ணீர் வன்மை. சவர்க்காரம் நுரைக்காது, காய்ந்த பிறகு துணிச் சீற்றில் வெள்ளை வட்டம் விழும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற வடிகட்டிய தண்ணீரில் ஒரு லீற்றர் எடுங்கள். மாரியில் என்றால் மழைத்தண்ணீர் சும்மா கிடைக்கும்.

நொதியப் போத்தல்

சரி, அப்பச்சோடாவும் வினாகிரியும் தோற்கிற இடம் எது? ஸ்பொஞ்சுக்குள் இறங்கிப் பழசாகிப்போனவை. இரண்டு வருடத்துக்கு முன் மல்லாவியிலிருந்து ஒரு ஐயாவை ஏற்றினேன். பக்கவாதம். வவுனியாவுக்குக் கிட்டப் போகும்போது, "தம்பி, மன்னிச்சுக்கொள்ளும் ராசா, சலம் போயிட்டுது" என்றார். கண் கலங்கியிருந்தது. "பரவாயில்லை அப்பு" என்று சொல்லிவிட்டு, அவரை ஆஸ்பத்திரியில் இறக்கி, அடுத்த ஓட்டத்துக்கு ஓடிவிட்டேன். துடைத்தது மறுநாள். வெளியே மணமில்லை என்று இருந்தேன். மாரி தொடங்கி ஈரக்காற்றுப் பட்டதும் ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்தால் ஆள் பக்கத்தில் இருப்பது போல வெடில். காய்ந்துபோன சலத்தின் உப்புகள் ஈரத்தை இழுத்து மறுபடி உயிர்பெறும்.

அதற்குக் கடைசியில் கேட்டது நொதியப் போத்தல்தான், அதாவது என்சைம் கலந்த துப்புரவுத் திரவம். நாய் பூனை வளர்ப்பவர்களுக்கான சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பார்க்கலாம், ஒன்லைனிலும் வருகிறது. புரதத்தையும் கொழுப்பையும் நொதியங்கள் வெட்டித் துண்டாக்கும், சில போத்தல்களில் நன்மை செய்யும் பற்றீரியாவும் இருக்கும். ஆனால் இது பக்குவம் பார்த்துப் பாவிக்க வேண்டிய சாமான். சலம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். மேலால் தூவினால் காசு நட்டம். பல மணிநேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். நம் வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும், அதனால் மேலே பொலித்தீனைப் போட்டு மூட வேண்டும். சுடுதண்ணி ஆகாது. முதலில் கிருமிநாசினி அடித்த இடத்தில் இது சரியாக வேலை செய்யாது. போத்தலை டிக்கியில் வைத்தால் வைகாசி வெயில் நொதியத்தைக் கொன்றுவிடும். நான் முதற்போத்தலை அப்படித்தான் பாழாக்கினேன்.

விலையைப் பார்த்தால் அப்பச்சோடா பல மடங்கு மலிவு. என் முடிவு: அன்றைக்கே பிடித்த அழுக்குக்கு நொதியம் தேவையில்லை, பழையதுக்கு வேறொன்றும் உதவாது.

இரத்தத்துக்கும் பன்னீர்க்குடத்துக்கும் மேலே சொன்ன கணக்கு எதுவும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் மட்டும். சுடுதண்ணி பட்டால் முட்டை அவிந்தது போலப் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிவிடும். மிஞ்சுகிற கறைக்கு 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு. ஆனால் நிறத்தை வெளுக்கும், மறைவிடத்தில் பார்த்த பிறகுதான்.

சேர்விஸ் ஸ்ரேஷன்

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம், அதுதான் இதன் பெரிய இலாபம். மற்றப்படி ஒரேயொரு கேள்வி: அங்கே ஈரத்தை உறிஞ்சியெடுக்கிற மெஷின் இருக்கிறதா, அல்லது ஷாம்பூ நுரையைத் தேய்த்துக் காற்றடித்து அனுப்புகிறார்களா? முதலாவது என்றால் வீட்டில் நாம் செய்கிற எதையும்விடத் திறம். இரண்டாவது என்றால் தண்ணீரைக் காசு கொடுத்து உள்ளுக்கு ஏற்றுகிறோம். கார்த்திகை மழைக்குள் ஓரிடத்தில் கொடுத்தேன். பளபளவென்று வந்தது. மூன்றாம் நாள் சீற்றுக்குள் பூஞ்சண மணம். சத்தி போய்ப் பூஞ்சணம் வந்தது. கடைசியில் நானே சீற்றைக் கழற்றி விறாந்தையில் விசிறிக்குக் கீழே நாலு நாள் வைத்துத்தான் காயவிட்டேன். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் என்றால் அரைநாள் வேலை.

சீற் கழற்றுவது பெரிய வித்தையில்லை, ஆனால் புதிய கார்களில் சீற்றுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது எயார்பாக்குடையது. பற்றரி கழற்றாமல் கைவைக்க வேண்டாம். அக்வா என்கிற ரொயோட்டா ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில், அதற்குக் காற்று இழுக்கிற துவாரம் சீற்றின் பக்கத்தில். பின் சீற்றில் தண்ணீரை வாளியால் ஊற்றாதீர்கள்.

ஓசோன் மெஷின் விடுகிறோம் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். மூலத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மணத்துக்கு உதவும். ஆனால் ஓசோன் நுரையீரலுக்குக் கூடாது, விட்டபின் நன்றாகத் திறந்து காற்றோட விட வேண்டும். ஸ்பொஞ்சுக்குள் கிடப்பதை அது தொடாது.

வாசமும் புகையும்

கண்ணாடியில் தொங்குகிற வாசக்கட்டி, ஏசி வாயில் செருகுகிற போத்தல், சாம்பிராணி, கற்பூரம். இவை எதுவும் எதையும் எடுப்பதில்லை. மல்லிகை வாசத்தோடு சத்தி மணம் சேர்ந்தால் அடுத்த பயணியும் சத்தி எடுப்பார், நான் கண்டது. சாம்பிராணிப் புகை கூரைத் துணியில் படிந்து அதுவும் ஒரு மணமாகிவிடும். கோப்பித்தூளும் இதே இனம். சிரட்டைக்கரி கொஞ்சம் மேல். மணத்தைப் பிடிக்கிற செயற்படுகரியை இலங்கையில் சிரட்டையில் இருந்துதான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அடுப்புக்கரிக்கு அந்த அளவு நுண்துளை இல்லை. பையில் கட்டி சீற்றுக்கு அடியில் வைத்தால் பாதகமில்லை, அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஆபத்தான ஒன்று பிளீச். கிணற்றுக்குக் குளோரீன் போட்டுப் பழகிய சனம் நாம். ஆனையிறவு உப்பில் இருந்து குளோரீன் எடுத்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர்களைக் கேட்டால் அந்த வாயு என்ன செய்யும் என்று சொல்வார்கள். வினாகிரியோடு பிளீச் சேர்ந்தால் வருவது அதே குளோரீன். பழைய சலத்தோடு சேர்ந்தால் குளோரமீன், அதுவும் நெஞ்சை அடைக்கும். கதவு பூட்டிய காருக்குள் இந்த விளையாட்டு வேண்டாம். வயிற்றோட்டம் பட்ட றப்பர் காற்பாயை வெளியே எடுத்து, முற்றத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு பிளீச் கரைசல் ஊற்றலாம், அவ்வளவுதான்.

மணம் சீற்றில் இல்லாமல் ஏசியில் ஒட்டியிருந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. ஏசி உள்காற்றைச் சுற்றவிட்டபடியே ஓடியிருந்தால் பில்ரர் மணத்தைப் பிடித்திருக்கும். டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், மாற்றிவிடுங்கள்.

முறிகண்டிக் கச்சான் கதைக்கு வருகிறேன். அப்பச்சோடா இரண்டு தரம் போட்டும் போகாத மணம் எங்கே இருந்தது தெரியுமா? பெல்ற் பூட்டுக்குள். ஈர்க்கில் துணி சுற்றிச் சவர்க்காரத் தண்ணியில் நனைத்து உள்ளுக்கு விட்டுக் கிண்டினேன். முழுதாக ஒரு கச்சான் பருப்பு வெளியே வந்தது.

இப்போது பின் சீற்றுக்கு றெக்சின் உறை போட்டிருக்கிறேன். துணி உறையில் இருப்பதுபோல இல்லை, மத்தியானத்தில் முதுகு வேர்த்து ஒட்டுகிறது என்று சனம் முறையிடுகிறது. தையல் வழியே ஈரம் இறங்கவும் செய்யும். அதனால் ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு மட்டும் உறைக்கு மேலே ஒரு பொலித்தீன், அதற்கு மேலே பழைய சாரம் ஒன்று. ஏறுகிற ஐயாமாருக்குச் சாரம் மட்டும்தான் தெரியும்.